மூவாயிரம் லிட்டர் மூச்சு

அத்தியாயம் 4

டாக்டர் நாச்சிமுத்துவின் மண்டையில் ஐந்து அடி விழுந்திருந்தது. முதல் அடியிலேயே மனிதர் முடிந்துவிட்டார். மிச்சம் நாலும் ஆத்திரத்துக்கு அடித்தவை. அடித்த கை யாருடையது என்பதில் போலீசுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. திண்டுக்கல் பேகம்பூர் பூட்டுப் பட்டறைக்காரன் நைனா முகமதுவின் பட்டறையில் பிணம், அவன் சுத்தியலில் ரத்தம். அப்புறம் என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது? வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஆளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் மனைவி கமர்ஜஹான் துப்பறியும் சூசைமாணிக்கத்தின் மாடி அறைக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"வலது கையில மூணு விரலை ஒடைச்சுட்டாங்கண்ணே. ஒத்துக்கிட்டேன்னு கையெழுத்துப் போடணுமாம். 'வெரலை ஒடைச்சுட்டு எதை வச்சுக் கையெழுத்துப் போட?'ன்னு அவுக கேட்டிருக்காக. கட்டைவிரலு இருக்குல்லன்னு சொன்னாங்களாம். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் தவணை. அதுக்கு மேல இடது கை."

உதவியாளன் சோலைமலை எந்த இழவு வீட்டிலும் ஒரு நக்கல் வைத்திருப்பவன். ஏழு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, செக்கிங் இன்ஸ்பெக்டரின் கடைவாய்ப்பல்லைக் கழற்றியதில் வேலை போனவன். அவனுக்கே அன்று வாய் எழவில்லை. சுண்ணாம்பு டப்பியைத் திறந்தவன் வெற்றிலையில் தடவ மறந்து உட்கார்ந்திருந்தான்.

சூசைமாணிக்கம் பொட்டுக்கடலையை மென்றுகொண்டே கேட்டார். "டாக்டரோட உன் வீட்டுக்காரருக்குச் சண்டையாமே?"

"பூட்டுச் சண்டைண்ணே. வாராவாரம் நடக்கும். பெட்டி கனமாருக்கு, பூட்டை எடு பாய்னு டாக்டரு சொல்வாரு. பூட்டில்லாத பெட்டி என் பட்டறை வாசலைத் தாண்டாதுன்னு இவுக சொல்வாக. அதுக்குப் போய்க் கொலை பண்ணுவாகளா?"

பெட்டி என்று அவள் சொன்னது டாக்டரின் மூச்சுப் பெட்டியை. வேடசந்தூரில் ஒரு நூல் மில்லில், ஓர் ஆள் பார்த்த இரண்டு மிஷினை நாலாக்கினார்கள். அதிலே ஒருத்தி மிஷினடியிலேயே சுருண்டு விழுந்து செத்தாள். சோம்பேறிகள் நடிக்கிறார்கள் என்றது நிர்வாகம். வேலையின் கஷ்டத்தை வாயைக் கேட்காதே, மூச்சைக் கேள் என்றார் நாச்சிமுத்து. உடம்பு எவ்வளவு பிராணவாயுவைத் தின்கிறதோ அவ்வளவு கஷ்டம். முகத்தில் தோல் மூடி, அதிலிருந்து சிவப்பு ரப்பர் குழாய், முதுகில் பெட்டி. விடுகிற மூச்சு பெட்டிக்குள் பல்சக்கரத்தைச் சுற்றும், முள் லிட்டரைக் காட்டும். முதல் பெட்டி பன்னிரண்டு பவுண்டு. மாட்டிய பெண் நிமிர முடியாமல் நின்றாள். நைனா முகமது சக்கரங்களில் துளை போட்டுத் துளை போட்டு, மூன்றாவது பெட்டியை ஐந்து பவுண்டுக்கு இறக்கினான். பள்ளிக்கூடப் பை போல மாட்டிக்கொண்டு ஓடலாம். நாற்பது பேரை அளந்தாகிவிட்டது, திங்கட்கிழமை மதுரையில் தொழிலாளர் வழக்கு. வெள்ளிக்கிழமை டாக்டர் செத்தார், கணக்கெழுதிய நோட்டையும் காணோம்.

"நயா பைசாவே இன்னும் வெளங்கல, இதுல லிட்டரு வேற" என்று சோலைமலை முனகினான். வாய் திரும்பிவிட்டது.

"ரெண்டு மணிக்குப் பட்டறைக்குள்ள துருத்தி சத்தம் கேட்டுச்சுன்னு பக்கத்துத் தோல் கிடங்குல சொல்லிட்டாங்க. அதனால இவுகதான் உள்ள இருந்தாகன்னு போலீசு சொல்லுது. ஜும்மா தொழுதுட்டு வந்து, சாப்பிட்டு, வீட்டுல படுத்திருந்தாகண்ணே. மூணேகாலுக்குப் போய்க் கதவைத் தெறந்து கத்துனதே இவுகதான். பட்டறைச் சாவி ஒண்ணு டாக்டர்கிட்டயும் உண்டு, கணக்கெழுத அங்க வந்து உக்காருவாரு. நான் சொன்னா, பொண்டாட்டி சாட்சி செல்லாதுங்குறாங்க."

சூசைமாணிக்கம் எழுந்து செருப்பை மாட்டினார்.

பட்டறைத் தரையில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. அதற்கு மூன்றடி தள்ளி உலை, உலையோடு துருத்தி. சூசைமாணிக்கம் ரத்தத்தைத் தாண்டிப் போய் உலைக்குள் கையை விட்டார். வியாழக்கிழமை தண்ணீர் தெளித்து அணைத்த கரி கட்டி கட்டியாக அப்படியே கிடந்தது.

"வெள்ளிக்கிழமை நாங்க உலை மூட்டுறதில்லண்ணே" என்றாள் கமர்ஜஹான். "மாமனாரு காலத்துப் பழக்கம். அன்னைக்கு அரம் மட்டுந்தான்."

"ஏலே சோலை, நெருப்பில்லாத உலைக்கு எவனாச்சும் துருத்தி போடுவானா?"

"புழுக்கத்துக்குப் போட்டிருப்பான்ணே. மாமியார் வீட்டுல விசிறி கெடைக்காத மாப்பிள்ளையா இருக்கும்."

சூசைமாணிக்கம் சிரிக்கவில்லை. குனிந்து துருத்தியின் மூக்கை விரலால் தேய்த்தார். விரலில் சிவப்பாக ரப்பர் துகள் ஒட்டியது. அதைச் சோலைமலையின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"உலைக்கு ஊதலடா. பெட்டிக்கு ஊதியிருக்கான்."

ஸ்டேஷனில் அந்தப் பெட்டி சப்-இன்ஸ்பெக்டரின் மேஜை மேல் சாமி விக்கிரகம் மாதிரி இருந்தது. கண்ணாடிக்குள் முள் மூவாயிரத்து அறுபதில் நின்றது. எதிரே நாற்காலியில் பொன்னுத்துரை, அந்த மில்லின் மேஸ்திரி. நிர்வாகத்தின் வலது கை. கொலையால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் முதலில் இவனைத்தான் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காததற்குக் காரணமும் அந்தப் பெட்டிதான்.

"என்னையும் அளந்து பாருங்கன்னு இவரு சவால் விட்டதால, வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வேடசந்தூர் மில் வாசல்ல, நூறு பேரு பாக்க இவருக்குப் பெட்டியை மாட்டிவிட்டது டாக்டரே" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிட்டு அவர் பஸ்ல திண்டுக்கல் வந்துட்டாரு. இவரு சைக்கிள்ல பதிமூணு மைல் மிதிச்சு, மூணு மணிக்கு டாக்டர் வீட்டு வாசல்ல எறங்குனாரு. டாக்டர் ஏற்கெனவே அளந்த கணக்குப்படி ரெண்டு மணி நேரச் சைக்கிளுக்கு மூவாயிரம் லிட்டர். முள்ளும் மூவாயிரம். சாவி பிணத்தோட இடுப்புல. மனுஷன் பொய் சொல்வான், மிஷின் சொல்லுமா மிஸ்டர் சூசை?"

"பூட்டைத் தெறந்து பாத்தீங்களா சார்?"

"சாவி சுத்துது, பூட்டு தெறக்கல. உங்க ஊருப் பூட்டு!"

சூசைமாணிக்கம் மேஸ்திரியிடம் திரும்பினார். "நீங்க மிதிச்சதை இது எப்படி எண்ணுச்சுங்குறீங்க?"

"மில்லுல மிஷினுக்கு மிஷின் ஹாங்க் மீட்டர் இருக்குல்ல, அது மாதிரிதான். நூலு எம்புட்டு ஓடுச்சோ அம்புட்டைக் காட்டும். இது மூச்சைக் காட்டுது." பொன்னுத்துரை தாராளமாகச் சிரித்தான்.

"அது சரி. ஆனா இதுக்குள்ள ஒரு தோல்பையும் இருக்காம். ஒவ்வொரு மூச்சுலயும் ஆயிரத்துல ஒரு பங்கைப் பிடிச்சு அதுல சேத்து வைக்குமாம். ரப்பர்னா காத்து கசியும்னு, மெழுகு ஏத்துன ஆட்டுத்தோல்ல தைச்சிருக்காரு. ரெண்டு மணி ரயில்ல மதுரைக்கு அனுப்பினா, அதுல இருக்குற மூச்சோட சாதகத்தையே காலேஜுல எழுதிக் கொடுத்துருவாங்க."

மேஸ்திரியின் சிரிப்பு வாயிலேயே நின்றது. கொஞ்ச நேரத்தில், மில்லில் வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விட்டான்.

"சோலை, போய் ஒரு ஜட்கா பிடி. பெட்டியை ரயிலேத்துறது ஓன் பொறுப்பு" என்றார் சூசைமாணிக்கம்.

சோலைமலை படியிறங்கும்போது கமர்ஜஹான் புருஷனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஏறி வந்தாள். கையில் நாலடுக்கு டிபன் கேரியர். அவன் ஜட்கா பிடித்துத் திரும்பியபோது அவள் வெளியே வந்துகொண்டிருந்தாள். கேரியர் மூடியபடியே இருந்தது. சோறு இறங்கவில்லை போலிருக்கிறது, பாவம், விரல் உடைந்தவன் எப்படிச் சாப்பிடுவான் என்று நினைத்துக்கொண்டான்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவன் கிளம்பினான். தோல் கிடங்குச் சந்தில் ஜட்கா திரும்பியதும் குதிரை நின்றது. குறுக்கே ஒரு கட்டை வண்டி. அதன் பின்னாலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூன்று முகத்திலும் துண்டு.

"பெட்டியைக் கொடுத்துட்டு ஓடிரு."

"லக்கேஜுக்குத் தனி டிக்கெட்டுப்பு. எடுத்தியா?"

சைக்கிள் செயின் அவன் கன்னத்தில் பதில் சொன்னது. வாய்க்குள் உப்புக் கரித்தது. ஒரு பல் நாக்கின் மேல் உருண்டது. அதை அடித்தவன் முகத்திலேயே துப்பிவிட்டு சோலைமலை தலையால் முட்டினான். செயின்காரனின் மூக்கு உள்ளே போனது. அவன் கையைப் பிடித்து, படக்கென்று சத்தம் வரும்வரை முறுக்கினான். அந்தச் சத்தத்துக்குள் அடுத்தவனின் கடப்பாரை சோலைமலையின் தொடையில் இறங்கியது. கீழே விழுந்தவனின் விலாவில் உதை, உதைமேல் உதை. பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நாலு உதை வாங்கினான். ஐந்தாவதில் கை விட்டுப்போனது.

மூன்றாமவன் கடப்பாரையை வாங்கிப் பெட்டியை அடித்தான். நைனாவின் சக்கரங்கள் தெருவில் உருண்டன. பெட்டிக்குள்ளிருந்து புடைத்துக்கொண்டிருந்த தோல்பையை உருவி, சூரிக்கத்தியால் குத்தினான். பை புஸ்ஸென்று அடங்கியது. அடங்கிய பிறகும் நார்நாராகக் கிழித்தான், அதன் மேல் என்ன பகையோ.

சோலைமலையிடம் மிச்சமிருந்தது சுண்ணாம்பு டப்பி ஒன்றுதான். மூடியைக் கழற்றி, துண்டுக்கு மேலே தெரிந்த கண்ணைப் பார்த்து வீசினான்.

"ஐயோ கண்ணு!" என்ற அலறலோடு மூன்று பேரும் ஓடினார்கள்.

பட்டறைக்குத் திரும்பியவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே சூசைமாணிக்கம் ஒரு செம்புத் தண்ணீரை எதிரே வைத்து, அது தெளிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாகத்தில் கை நீட்டிய சோலைமலையின் புறங்கையில் பட்டென்று ஒரு தட்டு விழுந்தது.

"குடிச்சிராதலே. எத்தன பேரு?"

"மூணு."

"எத்தன பல்லு?"

"ஒண்ணு. அண்ணே, பெட்டியும் போச்சு, பையும் போச்சு. நாரு நாராக் கிழிச்சுட்டான். அந்தக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ஆறு மணிக்கு இன்னொரு கையையும் ஒடைச்சுருவாங்கண்ணே." ரத்தமும் கண்ணீருமாக அவன் அழுதான். அழுவதற்கு அவன் வெட்கப்படவும் இல்லை.

"பொன்னுத்துரைக்கு இந்த ஊருல சாட்சி யாரு?"

"பெட்டிதான்."

"பெட்டி இருந்தா அவன் பொழச்சான். தன்னைக் காப்பாத்துற சாட்சியை ஒருத்தன் கடப்பாரையால அடிச்சுக் கொல்லுவானா? ரெண்டு மணி ரயிலுக்குப் போகுதுன்னு நான் சொன்னப்ப அந்த அறையில நாம ரெண்டு பேரு, எஸ்.ஐ., அவன். வேற யாரு இருந்தா?"

சோலைமலைக்கு மெல்ல விளங்கியது. விளங்கியதும் கோபம் பொங்கியது. "அப்ப என்னைக் கெடா மாதிரி கட்டிப் போட்டீகளா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? செத்துருப்பேன்ணே!"

"சொல்லியிருந்தா நடிச்சிருப்ப. ஒனக்கு நடிக்க வராது." சூசைமாணிக்கம் தன் மேல்துண்டை நனைத்து அவன் வாயைத் துடைத்துவிட்டார். "மூணு பேரா வருவாய்ங்கன்னு நெனைக்கல. தப்புதான்டா, மன்னிச்சுக்க. எந்திரி, ஸ்டேஷனுக்குப் போவோம்."

ஐந்தரைக்கு ஸ்டேஷனில் மைப்பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். உள்ளே லாக்கப்பில் நைனா முகமது சுவரோடு சாய்ந்து கிடந்தான். சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டு பொன்னுத்துரையும் வந்திருந்தான். ஒரு கண் கோவைப்பழமாக வீங்கி, ஈரத்துணி வைத்து ஒற்றிக்கொண்டிருந்தான்.

"கண்ணுவலிங்க சார். ஊரெல்லாம் பரவுது."

"என் வெத்தலைக்குச் சுண்ணாம்பு இல்ல" என்றான் சோலைமலை, யாரிடம் என்றில்லாமல்.

கமர்ஜஹான் டிபன் கேரியரை மேஜையில் வைத்து அடுக்குகளைக் கழற்றினாள். மேலே சோறு, அடுத்து வெஞ்சனம். கீழே இரண்டு அடுக்கு உயரத்துக்கு அடித்தட்டு இல்லாத ஒரே பாத்திரம். அதற்குள் சப்-இன்ஸ்பெக்டரின் அரக்கு முத்திரையோடு புடைத்த ஒரு தோல்பை.

சோலைமலை வாயைப் பிளந்தான். வலித்தது, மூடிக்கொண்டான்.

"மத்தியானம் என் கண் முன்னாடி இந்தம்மா பூட்டைத் தெறந்தாங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "சாவியைப் பாதி பின்னால திருப்பி, ஒரு ஆணியை அமுக்கினாங்க. நிஜப் பையை எடுத்து நானே முத்திரை வச்சேன். பெட்டிக்குள்ள போனது புதுப் பை."

"அதை ஊதுனது நான்" என்றாள் கமர்ஜஹான். "அந்தப் பூட்டை ராவுனதும் நான்தான்."

சூசைமாணிக்கம் தெளிந்த தண்ணீரை இரண்டு கண்ணாடி கிளாசில் ஊற்றினார். "சுண்ணாம்புத் தண்ணி. நெஞ்சுக்குள்ள போய்ட்டு வர்ற காத்து பிராணவாயுவைக் கொடுத்துட்டுக் கரியமில வாயுவைச் சொமந்துட்டு வரும். அது பட்டா இது பாலாகும். இது டாக்டர் அலமாரியில இருந்த வியாழக்கிழமைப் பை. சீட்டுல அவரே எழுதியிருக்காரு: பெருமாயி, நாலு மிஷின், நாற்பது நிமிஷம், எண்ணூற்று இருபது லிட்டர்."

பெருமாயியின் மூச்சு பப்பாளி இலைக்காம்புக் குழாய் வழியே தண்ணீருக்குள் கொப்பளித்தது. தண்ணீர் கலங்கி, வெளுத்து, மோராக நின்றது. இரண்டு நாளான மூச்சு.

பிறகு முத்திரையை உடைத்து, பொன்னுத்துரையின் பையை இரண்டாவது கிளாசில் நுழைத்து அமுக்கினார். கொப்பளித்தது. கொப்பளித்துக்கொண்டே இருந்தது. பை சப்பையாக ஒட்டிப்போகும்வரை பிழிந்தார். கிளாசுக்கு அந்தப்பக்கம் இருந்த மைப்பெட்டி பளிச்சென்று தெரிந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைத்தார்.

"இந்தப் பெட்டிக்குள்ள மூவாயிரம் லிட்டர் காத்து போயிருக்கு சார். அதுல ஒரு மூச்சுகூட இல்ல" என்றார் சூசைமாணிக்கம். "மேஸ்திரி, ஹாங்க் மீட்டரைக் கையால சுத்தி எண்ணிக்கையை ஏத்தி உனக்குப் பழக்கம். நூலு ஓடலைன்னாலும் அது எண்ணும். இதையும் அப்படி நெனைச்சுட்ட. டாக்டரு பெட்டி எண்ணுறதோட நிக்காது, ருசியும் பாக்கும். சைக்கிளை மிதிக்கவே இல்ல, மில்லுப் பஞ்சு லாரியில ஏத்திட்டு வந்து, அஞ்சு அடி அடிச்ச. நோட்டை எடுத்துக்கிட்ட. அப்புறம் பொணத்துக்குப் பக்கத்துலேயே உக்காந்து இருபது நிமிஷம் துருத்தி போட்டிருக்க. அவரு மூச்சை நிறுத்திட்டு, பெட்டிக்கு மூச்சு கொடுத்திருக்க. நீ மனுஷனாடா?"

பொன்னுத்துரை மேஜையில் சாட்சிப் பொருளாகக் கிடந்த சுத்தியலைத் தாவி எடுத்தான். முதல் வீச்சில் கிளாசுகள் தூளாயின. இரண்டாவது சூசைமாணிக்கத்தின் தோள்பட்டையில் விழுந்து எலும்பை முறித்தது. மூன்றாவது தலைக்கு ஓங்கியது. அதற்குள் கமர்ஜஹான் கழற்றி வைத்த சோற்றடுக்கைத் தூக்கி, தன் பலம் முழுவதையும் கொடுத்து அவன் முகத்தில் வீசினாள். பித்தளை. தாடை ஒரு பக்கமாகப் போனது. விழுந்தவன்மேல் சோலைமலை ஏறி உட்கார்ந்து, அவன் சுத்தியல் கையைத் தரையில் மூன்று தடவை மோதினான். விரல் விரலாகச் சத்தம் கேட்டது.

"நோட்டு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எரிச்சுட்டேன்" என்று ரத்தத்தோடு துப்பினான் பொன்னுத்துரை. "திங்கக்கெழமை என்னத்தைக் காட்டுவாய்ங்க?"

"நாப்பது பை அலமாரியில இருக்குடா" என்றார் சூசைமாணிக்கம், தோளைப் பிடித்தபடி. "பேரும் லிட்டரும் எழுதி."

சோலைமலை அவனைக் காலரைப் பிடித்துத் தூக்கி லாக்கப்பை நோக்கித் தள்ளினான். "முன்னாடி போ, முன்னாடி போ. உள்ள எடம் இருக்கு. ஒருத்தரு எறங்கப் போறாரு."

அந்த ஒருத்தரைக் கமர்ஜஹானும் கான்ஸ்டபிளும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நைனா முகமதுவின் வலது கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"தப்பு நடந்துபோச்சு பாய்."

"நடக்கல சார்" என்றாள் கமர்ஜஹான். "நீங்க செஞ்சீங்க."

அவர் மைப்பெட்டியை மூடினார்.

ஒரு செய்தித்தாளில் பொதிந்து, சந்தில் பொறுக்கிய சக்கரங்களையும் நசுங்கிய பூட்டையும் சோலைமலை நீட்டினான். நைனா அவற்றை இடது கையால் புரட்டிப் பார்த்தான். பூட்டைத் தூக்கி எடை பார்த்தான்.

"முக்காப் பவுண்டு கனம், எடுத்துரு பாய்னு கடைசி நாளும் சண்டை போட்டாரு" என்றான். "எடுத்திருந்தா இன்னைக்கு எவன் வேணாலும் தெறந்து பையை மாத்தியிருப்பான். மதுரைக்குப் பெட்டி வேணுமே. எப்படி ஓடுதுன்னு கோர்ட்டுல காட்டச் சொல்லுவாங்க. நாளைக்கு ஒருநாள்தான் இருக்கு, இந்தக் கையி இனி அரம் பிடிக்குமா?"

கமர்ஜஹான் அவன் மடியிலிருந்து சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"அரத்தை நான் பிடிக்கிறேன். எங்க ராவணும்னு நீங்க சொல்லுங்க. போதும்."

சோலைமலைக்கு அந்த இடத்தில் ஒரு நக்கல் சொல்லியே தீர வேண்டும் என்றிருந்தது. தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. பல் போன இடத்தை நாக்கால் தடவிக்கொண்டே, அவர்களுக்கு ஜட்கா பிடிக்கத் தெருவில் இறங்கினான்.